பாட்டில் சாஸ் வேணாம் பாப்பா

பாப்பா, நல்லா இருக்கியாம்மா. நீ அனுப்புன போட்டோவுல முட்டகோஸ் தட்டு பக்கத்துல ஒரு டிரஸ்ஸிங் பாட்டில் இருந்துச்சு, பாத்ததுல இருந்து அப்பாவுக்கு எழுதணும்னே இருந்துச்சு. ரங்கூன்ல பொறந்து, கையால பெசையற நம்ம பர்மா கலவ அத்தோ தின்னு வளந்த புள்ள நீ, அந்த இனிப்புத் தண்ணி உனக்கு எதுக்கும்மா.

கோஸ வீட்டுலயே அத்தோவா பெசையறதுக்கு முக்கியம் வெங்காய எண்ணெ தான். சின்ன வெங்காயத்த ஒரே மாதிரி மெல்லிசா சீவிக்கோ, சட்டி சூடாகுறதுக்கு முன்னாடியே கடலெண்ணெயில போட்டு ஒரு சிட்டிக மஞ்சத்தூள் சேத்து சின்னத் தீயில வச்சிடு, அவசரப்பட்டு தீய ஏத்துனா வெளிய கருகி உள்ள ஈரமா நிக்கும். வெளிர் பொன்னிறம் வந்ததுமே அரிச்சி எடுத்துரு, எடுத்த பொறவும் சூட்டுல நெறம் ஏறும். பூண்டு தனியா பொரி, அது சீக்கிரம் கசந்துரும். பொரிச்சத காத்து போகாத டப்பாவுல வை, எண்ணெய ஃப்ரிட்ஜ்ல வச்சி ஒரு வாரத்துக்குள்ள தீத்துடு.

அடுத்தது கடல மாவு. வெறும் சட்டியில பச்ச வாசன போயி மணம் வர்ற வரைக்கும் கிண்டிட்டே இரு. பாட்டில் சாஸ்ல இது தான் இல்ல. புளித்தண்ணியும் எண்ணெயும் எவ்ளோ அடிச்சாலும் கொஞ்ச நேரத்துல பிரிஞ்சி தட்டுக்கு அடியில எறங்கிரும், மாவு தான் ரெண்டையும் இழுத்து கோஸ் எலையில ஒட்ட வைக்கும். எலையில ஈரம் இருந்தா ஒட்டாது, அதனால கோஸ கழுவுனா தண்ணிய சுத்தமா வடிச்சிடும்மா.

புளி நெல்லிக்கா அளவு, அர டம்ளர் சுடுதண்ணியில ஊறவச்சி கெட்டியா கரைச்சிக்கோ. பாதி முட்டகோஸுக்கு மாவு 2 ஸ்பூன், எண்ணெ 3 ஸ்பூன், மீன் சாஸ் 1 ஸ்பூன், வறுத்து இடிச்ச மொளகா, ஒடச்ச வேர்க்கடல, காஞ்ச எறா பொடி, கடைசியா எலுமிச்ச. மீன் சாஸ்லயே உப்பு கெடக்கு, ருசி பாத்துட்டு தான் உப்பு போடணும். புரட்டாசி சனிக்கெழமையில சாஸும் எறாவும் விட்டுட்டு உப்ப மட்டும் போடு, பூண்டு எண்ணெ கொஞ்சம் கூட ஊத்து, கொறையே தெரியாது.

எல்லாத்தையும் முன்னாடியே ஒண்ணா கலந்து வைக்காத, மாவு ஊறி களியாயிரும். திங்கப் போறப்ப கையால பெசையணும், கரண்டி வேணாம், புளி பத்தலையா எண்ணெ பத்தலையான்னு வெரலுக்கே தெரியும்.

60கள்ல இங்க பர்மாவுல இருந்து கெளம்புன நம்ம சனங்க, கடையெல்லாம் சர்க்கார் எடுத்துகிட்ட பொறவு வெறுங்கையோட கப்பல் ஏறுனவங்க, மெட்ராஸ் பீச் ஸ்டேசன் பக்கம் பர்மா பஜார் ஓரத்துல நூடுல்ஸ், கோஸ், புளித்தண்ணி, பொரிச்ச வெங்காயம்னு பெசஞ்சி குடுத்து தான் அடுப்பு எரிச்சாங்க. இன்னைக்கும் அங்க அத்தோ கடைங்க இருக்கு. அவ்ளோ பேருக்கு சோறு போட்ட கைப்பக்குவம் உனக்குத் தெரியாம போகக் கூடாதும்மா.

சிங்கப்பூர்ல பெனின்சுலா பிளாசாவுல நம்ம பர்மா கடைங்க இருக்கு, எறா பொடி அங்க கெடைக்கும், புளியும் மாவும் தேக்கா மார்க்கெட்டுல வாங்கிக்கோ. கூட தங்கியிருக்குற புள்ளைங்களுக்கு குடுக்குறதுக்கு முன்னாடி வேர்க்கடல ஒத்துக்குமான்னு கேட்டுக்கோ. ஞாயித்துக்கெழம வெங்காயம் பொரிக்கிறப்ப வீடியோ கால் போடு, எப்ப எறக்கணும்னு அப்பா பாத்துச் சொல்றேன்.

அப்பா