கயலுக்கு, 32,000 டாலர் விலை பற்றி

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய விளம்பர வரைவை நேற்று ராத்திரி படித்தேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "1951 செவர்லே 3100 பிக்கப், ஐந்து ஜன்னல் கேபின், அப்பா தன் கையாலேயே சீர்செய்தது, ஆரம்ப விலை 32,000 டாலர்." அம்மா பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "இவ விக்கிறாளா, பூட்டி வைக்கிறாளா?"

எனக்கும் அதே சந்தேகம்தான். குழந்தை வரப்போகிறது, புது வீட்டில் ஒரு காருக்குத்தான் இடம், போர்ட்லாண்ட் மழையில் வண்டி நனைந்தால் இரண்டே வருஷத்தில் துரு தின்றுவிடும். விற்பது என்று நீதான் முடிவு செய்தாய். சரியான முடிவு. எனக்கு வருத்தம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது, அதை விடு. ஆனால் எவனும் கிட்ட வராத விலையைப் போட்டுவிட்டு, "பார்த்தேன் அப்பா, போகவில்லை" என்று சொல்லலாம் என நினைத்திருந்தால், அந்த வேலை வேண்டாம்.

அந்த 32,000 எப்படி வந்தது என்று நானே கூட்டிப் பார்த்தேன். நான் வாங்கியது 6,500-க்கு. பெயின்ட், எஞ்சின், பின்பெட்டிப் பலகை, பிரேக் எல்லாம் சேர்த்து ஒரு 14,000. நீ போட்ட டயர், ரேடியேட்டர். அப்படியும் 23,000-ஐத் தாண்டவில்லை. மிச்சம் ஒன்பதாயிரம் என் சனிக்கிழமைகளுக்கு நீ போட்ட விலை. வாங்குகிறவன் அதற்குக் காசு தரமாட்டான் கண்ணு. அவன் ஏன் தரவேண்டும்?

இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். நீ காலேஜில் இருந்தபோது என்னிடம் ஒரு 1965 ஃபோர்டு எஃப்-100 இருந்ததே, பச்சை வண்டி. அதை இணைய ஏலத்தில் போட்டு, 10,000-க்குக் கீழே தரமாட்டேன் என்று ரகசியமாக ரிசர்வ் வைத்தேன். ஏழு நாள் ஏலத்தில் 7,900 வரை வந்து நின்றது. 'ரிசர்வ் எட்டவில்லை' என்று சிவப்பில் ஒரு வரி, அவ்வளவுதான். கடைசியாகக் கேட்டவர் மறுநாள் மெயில் அனுப்பினார், 8,200 தருகிறேன் என்று. எனக்கு ரோஷம். பதிலே போடவில்லை. அடுத்த மாதம் மறுபடி போட்டேன். முதல் தடவை பார்த்தவர்களே இரண்டாம் தடவையும் பார்த்தார்கள், 'போன தடவை போகாத வண்டி' என்று ஒதுங்கினார்கள். பனி விழ ஆரம்பித்த பிறகு, பக்கத்துத் தெருக்காரர் 6,200-ஐ நோட்டாக எண்ணிக் கொடுத்து ஓட்டிப்போனார். இன்றும் அந்தப் பச்சையைப் பார்த்தால் எனக்கு 2,000 டாலர்தான் ஞாபகம் வரும்.

ஊரில் ஏரிக்கரைப் புளியமரங்களை வருஷாவருஷம் ஏலம் விடுவார்கள். தாத்தா என்னைக் கூட்டிப்போவார். குறைந்த தொகையில் ஆரம்பித்தால் டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருப்பவன்கூட ஒரு குரல் கொடுப்பான். குரல் கொடுத்தவனுக்கு அப்புறம் விட மனசு வராது. ஒரு வருஷம் யாரோ புத்திசாலி ஆரம்பத் தொகையையே ஏற்றி வைத்தார். ஒரு தரம், ரெண்டு தரம் சொல்லக்கூட ஆள் இல்லை. பாதிப் பழத்தைக் குரங்கு தின்றது.

ஏலத்தில் விலையை முடிவு செய்வது முதல் ஆள் இல்லை, இரண்டாவது ஆள். ஒருவன் மனசுக்குள் 28,000 வரை போகத் தயாராக இருக்கலாம். அடுத்தவன் 21,000-இல் நின்றுவிட்டால் உனக்குக் கிடைப்பது 21,000-க்குச் சற்று மேல்தான். 1961-இல் வில்லியம் விக்ரி என்ற பொருளாதாரப் பேராசிரியர் இதைக் கணக்காக எழுதிக்காட்டினார். 1996-இல் நோபல் அறிவித்தார்கள், மூன்றாம் நாள் மனுஷர் போய்விட்டார். ஆக, உனக்கு வேண்டியது ஒரு பெரிய மனசுக்காரன் அல்ல, விட்டுக்கொடுக்காத இரண்டு பேர். 32,000-இல் ஆரம்பித்தால் அந்த இருவரில் ஒருவர்கூட உள்ளே வரமாட்டார்.

எங்கே விற்பது? ஈபேயில் குறித்த நொடியில் ஏலம் முடிந்துவிடும். அதனால் ஆறு நாள் சும்மா இருந்துவிட்டுக் கடைசிப் பத்து வினாடியில் பாய்வார்கள். பழைய வண்டிகளை ஏலம் விடும் பிரிங் எ டிரெய்லர் தளத்தில் அந்த வேலை நடக்காது. கடைசி இரண்டு நிமிஷத்துக்குள் யாராவது கேட்டால் கடிகாரம் மறுபடி இரண்டு நிமிஷத்துக்குப் போய்விடும், இருவரும் ஓயும்வரை ஓடும். இந்த வண்டிக்கு அதுதான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. அங்கே ஆரம்ப விலை என்ற பேச்சே இல்லை. ரிசர்வ் மட்டும்தான், அதையும் அவர்களோடு பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். 32,000 என்றால் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாங்குகிறவர் தலையில் 5 சதவீதக் கட்டணம் உண்டு என்பதையும் கணக்கில் வை. கையில் 20,000 வைத்திருப்பவன் 19,000-தான் கேட்பான்.

விலை பார்க்கும்போது, விற்கிறவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதே. கேட்பதற்கு என்ன, நாளைக்கு நான்கூட நம் புல்வெட்டும் எந்திரத்துக்கு 5,000 கேட்பேன். விற்று முடிந்த விலையைப் பார். நம் வண்டி மாதிரி ஓட்டிக்கொண்டிருக்கும் 3100-களாக ஒரு டஜன் எடுத்து நோட்டில் எழுதினேன். கண்காட்சிக்குத் துடைத்து வைத்தவற்றைச் சேர்க்கவில்லை. 20,000-க்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோதான் பெரும்பாலும் போயிருக்கின்றன. ரிசர்வ் எட்டாமல் நின்றவற்றையும் குறித்தேன். விற்காத வண்டியின் கடைசித் தொகைதான் அன்றைக்கு அதன் உண்மையான விலை.

சரி, எஞ்சின் விஷயம். இதை விளம்பரத்தில் பத்தாவது வரியில் ஒளித்து வைத்திருக்கிறாய், முதல் பத்திக்குக் கொண்டுவா. 1951-இல் இதில் வந்தது 216 கன அங்குல ஆறு சிலிண்டர். அதில் பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடுக்கு பாபிட் என்கிற மெத்தென்ற உலோகத்தில் பேரிங். ராடின் அடியில் குட்டிக் கரண்டி மாதிரி ஒன்று எண்ணெயை அள்ளிக்கொள்ளும். மெதுவாகப் போகிற காலத்துக்குச் செய்த எஞ்சின், நெடுஞ்சாலையில் விரட்டினால் அழும். நீ ஓட்டப்போகிறாய் என்றுதான் நான் அதை எடுத்துவிட்டு 235 கன அங்குல எஞ்சினைப் போட்டேன், கூடவே 6 வோல்ட்டை 12 ஆக்கினேன். 'எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும்' என்கிற கூட்டம் இதைப் படித்ததும் போய்விடும். போகட்டும். ஓட்ட வேண்டும் என்று வாங்குகிறவன் இதைப் படித்தால்தான் உள்ளே வருவான். விற்ற பிறகு தெரிந்தால் சண்டை, முன்னாலேயே தெரிந்தால் அது வெறும் தகவல்.

துருவையும் அப்படியே காட்டு. கேபினின் பின்மூலை இரண்டும், டிரைவர் கால் வைக்கிற இடத்துத் தரையும் எல்லா 3100-க்கும் துருப்பிடித்துப் போகிற இடங்கள். தெரிந்தவர்கள் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள். படம் இல்லாவிட்டால் ஓட்டை இருக்கிறது என்றே முடிவு கட்டி, அதற்கும் சேர்த்துக் குறைத்துக் கேட்பார்கள். வலது மூலையில் நான் ஒட்டுப்போட்ட தகட்டை அடியிலிருந்து, டார்ச் அடித்து எடு. அழகான வெல்டிங் இல்லைதான், எனக்கும் தெரியும். கதவுத் தூணில் இருக்கும் எண் தகட்டையும் டைட்டில் என்கிற உரிமைப் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடு. வண்டி எண்ணில் 17 இலக்கம் எங்கே என்று கேட்டால், அது 1981-க்கு அப்புறம் வந்த வழக்கம் என்று சொல். காலையில், எஞ்சின் சில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்கிற வீடியோ ஒன்றும் கட்டாயம் வேண்டும். சூடாக்கிவிட்டு எடுத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ரிசர்வ் 16,500 வை. இந்த எண்ணை நான் எப்படிப் பிடித்தேன் என்றால், அதற்கு ஒரு டாலர் குறைந்தாலும் வண்டியை இங்கேயே ஏற்றி வரவழைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றிய இடம் அது. ஏலத்தின் கடைசி நாள் 15,000-ஐத் தாண்டி இரண்டு பேர் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தால், ரிசர்வை எடுத்துவிடச் சொல். அது தெரிந்ததும், 'இன்றைக்கு வண்டி நிச்சயம் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகிறது' என்று ஓரமாக நின்றவனும் உள்ளே வருவான். ஒருவன் மட்டும் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தால் கை வைக்காதே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் வேறு பெயரில் ஒரு கணக்கு திறந்து நானே கேட்டு விலையை ஏற்றலாமா என்று ஒரு யோசனை வந்தது. விற்கிறவள் அப்பன் ஏலம் கேட்பது மோசடி, பிடித்தால் உன் பெயர்தான் கெடும். அம்மா அதற்கும் ஒரு பார்வை பார்த்தாள். கணக்கு திறக்கவில்லை.

விளம்பரத்தில் 'ஒரு சாவி மட்டும்' என்று எழுதியிருக்கிறாய். அதை அடித்துவிடு. இன்னொன்று இங்கே சாமி மாடத்து டிராயரில் இருக்கிறது, நீ கட்டிய அந்தச் சிவப்பு நூலோடு. நாளைக்குத் தபாலில் போடுகிறேன். நூலை நீ எடுத்துக்கொள்.

அப்பா