அப்பத்தாவின் தாயக்கட்டை

அன்பு மகளுக்கு,

பார்சலில் முறுக்கு டப்பாவுக்கு அடியில் ஒரு துணிமுடிச்சு இருக்கும். உன் அப்பத்தாவின் பித்தளைத் தாயக்கட்டை. புளி போட்டுத் தேய்த்து அனுப்பியிருக்கிறேன்.

போன ஞாயிறு வீடியோவில் பேரனுக்காக நான் உருட்டிக்கொண்டே இருந்தேன், தாயம் விழவில்லை. "எனக்கு ராசியே இல்லை" என்று அழுதான். "அடுத்ததில் கட்டாயம் விழும்டா" என்று நீ தேற்றினாய். அப்படி மட்டும் சொல்லாதே கண்ணு. விழாவிட்டால் பிள்ளை இன்னும் நொந்துபோவான்.

கட்டையைக் கையில் எடுத்துப் பார். நாலு பக்கம். ஒன்று வெறுமை, மற்றதில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி. இரண்டு கட்டையும் சேர்ந்து 16 விதமாக விழலாம். ஒரு கட்டை ஒற்றைப் புள்ளியும் இன்னொன்று வெறுமையும் காட்டினால்தான் தாயம். அது இரண்டே விதம், அதாவது எட்டுக்கு ஒன்று. தொடர்ந்து பத்து உருட்டிலும் தாயம் விழாமல் போவது ஏறக்குறைய நாலில் ஒரு தடவை நடக்கும். பதினோராவது உருட்டிலும் அதே எட்டுக்கு ஒன்றுதான். விழாதது அவன் ராசியும் இல்லை, என் கைராசியும் இல்லை.

இதைத் தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் அப்பத்தாவை நினைத்து மலைத்துப்போனேன். நான் கல்யாணமாகி வந்த புதிதில் மத்தியானமானால் திண்ணையில் சாக்கட்டியால் கட்டம் போட்டுவிடுவார். அவருக்குப் புளியங்கொட்டை, எனக்கு வளையல் துண்டு. தினமும் என் காய்தான் வெட்டுப்படும். அவருக்கு நல்ல ராசி என்றே நினைத்தேன். ஒருநாள் என் காயைத் தொட்டுக் காட்டி, "எதிராளிக்கு மூணாவது கட்டத்துல போய் நிக்காதே ஆத்தா, ஆறாவதுல நில்லு" என்றார். எதிராளிக்கு மூன்று விழுந்தால் அங்கே நிற்கும் காய் வெட்டுப்பட்டுவிடும், மூன்று விழ 4 விதம் இருக்கிறது. ஆறு விழ ஒரே விதம், இரண்டிலும் மூன்று புள்ளி. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மனுஷி, உருட்டி உருட்டியே அதைக் கண்டுபிடித்திருக்கிறார்! மலையில், அதாவது வெட்ட முடியாத கட்டத்தில், ஏறி நிற்கும் காயை அவசரப்பட்டு இறக்கவே மாட்டார். விரல் அதன்மேல் போகும், ஒரு நிமிஷம் நிற்கும், திரும்பி வந்து வேறு காயை நகர்த்தும்.

ஏகாதசி ராத்திரியில் பரமபதம் ஆடும்போது பெரிய பாம்பு கடித்து நீ தேம்பித் தேம்பி அழுவாய், ஞாபகம் இருக்கிறதா? அந்த அழுகையில் நியாயம் இருந்தது. அதில் ஒற்றைக் காய், விழுந்த எண்ணுக்குப் போயே ஆக வேண்டும். தாயத்தில் அப்படி இல்லை. எண் விழுவதுதான் நம் கையில் கிடையாது, எந்தக் காயை நகர்த்துவது என்பது நம் இஷ்டம். அவனுக்கு அதைச் சொல்லிக்கொடு.

நம் பக்கத்துக் கீழடியில் தந்தத்தால் செய்த பகடை மண்ணுக்குள்ளிருந்து கிடைத்ததே, அதை உருட்டியவர்களும் எத்தனை தடவை ராசியை நொந்துகொண்டார்களோ.

சரி, நம் வீட்டு வழக்கம் மறந்திருப்பாய். தாயம் போட்டால்தான் காய் இறங்கும். 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. ஒரு வெட்டாவது வெட்டாமல் காயைக் கடைசிவரை கொண்டுபோய்ப் பழம் எடுக்க முடியாது. டைல்ஸ் தரையில் உருட்ட விடாதே, முனை நசுங்கிவிடும். பாய் விரித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலையில் கூப்பிடு. இந்தத் தடவை அவன் உருட்டட்டும். என் காய்க்கு எத்தனையாவது கட்டத்தில் வந்து நிற்கிறான் என்று பார்க்கிறேன்.

அம்மா