தண்ணீர் அறுக்கும் பட்டறையிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். குளிர் பழகிவிட்டது, பட்டறைக்குள் பேசும் அளவுக்கு மொழியும் வந்துவிட்டது. "தண்ணீர் எப்படி இரும்பை அறுக்கும்?" என்று அம்மா தொலைபேசியில் கேட்டார். வாழ்நாளெல்லாம் கேஸ் கட்டிங் செய்த உங்களுக்கே இதை விரிவாக எழுத ஆசை.

ரப்பர், அட்டை போன்றவற்றுக்கு மிகுந்த அழுத்தத்தில் பாயும் வெறும் தண்ணீரே போதும். உலோகமோ கருங்கல்லோ என்றால் உண்மையில் அறுப்பது தண்ணீரோடு கலந்து பாயும் கார்னெட் என்ற கடினமான கல்லின் மணல்தான். 1979இல் முகமது ஹாஷிஷ் என்ற பொறியாளர் இப்படித் துகள் சேர்க்கும் ஆராய்ச்சியைத் தொடங்கிய பிறகே இந்த முறை இரும்புப் பட்டறைக்குள் வந்தது.

பம்புக்குள் எண்ணெய் ஒரு பெரிய பிஸ்டனைத் தள்ளுகிறது. தண்ணீர்ப் பக்கத்து முனையின் பரப்பு அதில் இருபதில் ஒரு பங்குதான். அதனால் எண்ணெயின் 200 பார் அழுத்தம் தண்ணீரில் 4,000 பார் ஆகிறது! சுருங்காது என்று நாம் நினைக்கும் தண்ணீர், அங்கே பத்து சதவீதத்துக்கும் மேல் சுருங்கிவிடுகிறது. பிறகு மாணிக்கத்திலோ வைரத்திலோ போட்ட நுண்துளை வழியே ஒலியைவிட இரு மடங்குக்கும் அதிக வேகத்தில் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலே கார்னெட்டை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது.

என்னை மயக்கியது வெட்டிய ஓரம். கேஸ் தீயில் ஓரம் கறுத்து இறுகிப்போக, கிரைண்டரில் தேய்த்துத் தேய்த்து நீங்கள் பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே சூடே ஏறுவதில்லை. தகடு நெளியாது, உலோகத்தின் குணம் மாறாது. கேஸுக்கு மசியாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியம் எல்லாம் இந்த ஒரே மேசையில் வெட்டுப்படுகின்றன. சூடேற்றி வலுவூட்டிய டஃபன்டு கண்ணாடி மட்டும் ஆகாது; தொட்டதும் நொறுங்கிவிடும்.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: இயந்திரம் ஓடும்போது யாரும் அருகே கை நீட்டுவதில்லை. தண்ணீர்த் தாரை தோலில் பட்டால் வெளியே சிறு புள்ளிதான் தெரியும், உள்ளே ஆழமாகக் கிழித்திருக்கும். உடனே அறுவை சிகிச்சை தேவைப்படலாம். மருத்துவர் அதைச் சிறு காயம் என்று விட்டுவிடாதபடி விவரம் அச்சிட்ட அட்டை ஒன்று எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். கனமான தகட்டை வேகமாக ஓட்டினால் தாரையின் அடிப்பகுதி பின்தங்குகிறது. மூலை திரும்பும்போது கீழே அளவு பிசகுகிறது. இயந்திரம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கேஸ் தீயும் இப்படிப் பின்தங்குமே, கையால் ஓட்டிய நீங்கள் மூலையில் என்ன செய்வீர்கள்? விவரமாக எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகன்