வாரத்தில் ஒரு மணி நேரம்: குறை அங்கே இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வேலையின்மை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் வேலை பார்த்தவரைக்கூட ‘வேலையில் இருப்பவர்’ என்று எழுதிக்கொள்கிறார்கள், இது அரசு செய்யும் தில்லுமுல்லு என்கிறார் கட்டுரையாளர். அவர் கோபம் நியாயமானதுதான், ஆனால் தவறான வாசலில் போய் நின்று சத்தம் போடுகிறார். யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று அரசு எடுக்கும் கணக்கெடுப்புக்காகச் சில வருடங்கள் ஒப்பந்தத்தில் தென்காசிப் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கியவன் என்கிற முறையில் இதை எழுதுகிறேன்.

அந்த ஒரு மணி நேரம் டெல்லியில் யாரோ கண்டுபிடித்தது இல்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1923-லிருந்து தொழிலாளர் புள்ளியியலாளர்களைக் கூட்டி மாநாடு நடத்துகிறது. 1982-ல் நடந்த 13-வது மாநாட்டிலேயே இந்த அளவு வந்துவிட்டது, 2013-ல் 19-வது மாநாடு அதை அப்படியே வைத்துக்கொண்டது. அமெரிக்காவிலும் சம்பளத்துக்குச் செய்யும் வேலைக்கு ஒரு மணி நேரம்தான் கணக்கு. குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுகிறவர்களுக்கு மட்டும் அங்கே 15 மணி நேரம். ஏன் இவ்வளவு குறைவு? அந்த ஒரு மணி நேரத்தில் விளைந்ததும் நாட்டின் உற்பத்திக் கணக்கில் சேர்கிறது, அப்போது அதைச் செய்த ஆளும் சேர வேண்டும் இல்லையா? இந்த ஒரு மணி நேர அளவைப் பத்து மணி நேரத்துக்கு உயர்த்தினால், வாரத்தில் ஒரே நாள் களையெடுக்கப் போய் எட்டு மணி நேரம் குனிந்து நிமிர்ந்த அக்காவின் உழைப்பு காணாமலே போய்விடும். அப்புறம், ஏழு நாளில் ஒரு மணி நேரம் மட்டும் வேலை பார்த்தேன் என்று சொன்ன ஆளை நான் அபூர்வமாகத்தான் பார்த்தேன். மூன்று நாள் வேலை, நாலு நாள் வேலையில்லை, அதுதான் எங்கள் பக்கம் சாதாரணம். அந்த மூன்று நாள்காரரைக் காட்ட ‘வேலையின்மை விகிதம்’ என்ற ஒற்றை எண்ணால் முடியாது. அவருக்காகத்தான் 2013 தீர்மானம் கூடுதலாகச் சில அளவுகளைக் கொண்டுவந்தது: இன்னும் நேரம் கொடுத்தால் வேலை செய்வேன் என்கிறவர்கள் எத்தனை பேர், தேடி அலுத்து விட்டுவிட்டவர்கள் எத்தனை பேர் என்று. இந்த எண்களை ஏன் முன்பக்கத்தில் போடுவதில்லை என்று கேட்டிருந்தால் நானும் கூடச் சேர்ந்து கேட்டிருப்பேன்.

கட்டுரையாளர் கவனிக்காமல் விட்ட இன்னொன்றும் இருக்கிறது. சர்வதேச விதிப்படி ஒருவரை வேலையில்லாதவர் என்று எழுத, அவர் கடந்த நான்கு வாரத்தில் வேலை தேடியிருக்க வேண்டும். நம் கணக்கெடுப்பில் தேடியிருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை, கிடைத்தால் போகத் தயார் என்றாலே வேலையில்லாதவர்தான். இந்த இடத்தில் நம் வலை அவர்களுடையதைவிட அகலம். எண்ணைக் குறைத்துக் காட்டவே விதி எழுதினார்கள் என்றால் இதை ஏன் விட்டுவைத்தார்கள்?

சரி, பெரிய தவறுக்கு வருகிறேன். 2023-24 ஆண்டறிக்கையின் வேலையின்மை விகிதமான 3.2 சதவீதத்தையும் 2025 ஏப்ரல் மாதத்தின் 5.1 சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பார்த்தீர்களா ஏறிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலாவது ஒரு வருடத்தைத் திரும்பிப் பார்த்துக் கேட்பது: அந்த வருடத்தில் பெரும்பகுதி நேரம் என்ன செய்தீர்கள், அது போக 30 நாளாவது வேறு வேலை பார்த்தீர்களா என்று. இரண்டாவது கடந்த ஏழு நாளை மட்டும் கேட்பது. ஒன்றைப் படியால் அளந்து, இன்னொன்றை மரக்காலால் அளந்து, நெல் குறைந்துவிட்டது என்று சண்டைக்குப் போகிற கதை. 2017-18-ல் ஒரே ஆய்வில், ஒரே ஆட்களிடம் கேட்டு, ஆண்டு நிலையில் 6.1, வார நிலையில் 8.9 என்று வந்தது. இரண்டுமே உண்மை.

குறை எங்கே இருக்கிறது என்றால், முதலில் ‘வேலை’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. எங்கள் ஊரில் பையனுக்கு வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டால் மாதச் சம்பளம் என்று அர்த்தம். அதனால் “வேலை பாக்கீங்களாக்கா?” என்று கேட்டால், மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே “இல்ல தம்பி, வீட்லதான் இருக்கேன்” என்பார்கள். திங்கட்கிழமை என்ன செய்தீர்கள், செவ்வாய்க்கிழமை எத்தனை மணி நேரம் என்று ஒவ்வொரு நாளாகக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். அதற்கு ஒரு வீட்டில் முக்கால் மணி நேரமாவது உட்கார வேண்டும், வெயிலில் அடுத்த தெரு காத்திருக்கும்.

விஷயம் வந்தபிறகு படிவத்தில் எந்தக் குறியீட்டு எண்ணில் போடுவது? விறகு பொறுக்கி, வீட்டுக்குத் துணி தைத்தால் 93. வீட்டு வேலை மட்டும் என்றால் 92. இரண்டுமே ‘தொழிலாளர்’ பட்டியலுக்கு வெளியே. ஆனால் அதே அக்கா வீட்டுப் பாலுக்காக ஒரு மாடு வளர்த்தால் தொழிலாளர் ஆகிவிடுவார், ஒரு பைசாவுக்குப் பால் விற்காவிட்டாலும்! 2013 தீர்மானம் இந்தச் சிக்கலை அழகாகவே பிரித்தது. பிறருக்காகவோ தனக்காகவோ பொருளோ சேவையோ உண்டாக்கும் எதுவும் வேலைதான், சோறாக்குவது உட்பட. அதில் கூலிக்கோ லாபத்துக்கோ செய்வது மட்டும் தனிப் பெட்டி. நம் முதன்மைக் கணக்கெடுப்பு இன்னும் பழைய கோட்டில்தான் நிற்கிறது. உழைப்புச் சந்தையில் பெண்களின் பங்கேற்பு 2017-18-ல் 23.3 சதவீதமாக இருந்தது, 2023-24-ல் 41.7 ஆகிவிட்டது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அதில் எத்தனை பேர் கைக்குக் காசு வந்தது? அந்த ஒற்றை எண் வாயைத் திறக்காது. வீட்டு வேலைக்கென்று தனியாக நேரப் பயன்பாட்டு ஆய்வு இருக்கிறது: 2024-ல் வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு நாளுக்கு 289 நிமிடம் கொடுத்தார்கள், செய்த ஆண்கள் 88 நிமிடம். அது வெளியான மறுநாளே எல்லோரும் மறந்துவிட்டார்கள், உங்கள் இதழும்தான்.

பீடிக்கு வருகிறேன். இலையும் தூளும் கடையில் கொடுப்பது, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலியும் கடைதான் முடிவு செய்கிறது, பலருக்கு பி.எஃப். கூட உண்டு. அப்படியும் எங்கள் விதிப்புத்தகம், கொடுத்ததை வீட்டில் செய்து தருகிறவரை ‘சுயதொழில்’ என்று எழுதச் சொன்னது. இந்த மாதிரி ஆட்களுக்காகவே 2018-ல் நடந்த 20-வது மாநாடு, சம்பளக்காரருக்கும் சொந்தத் தொழில்காரருக்கும் நடுவில், ‘சார்ந்திருக்கும் ஒப்பந்தக்காரர்’ என்று புதுப் பிரிவே உண்டாக்கியது. அந்தப் பிரிவில் நம் பீடி அக்காக்களை எண்ணிப் பார்த்தால், நாட்டில் சுயதொழில் பெருகுகிறது என்ற பேச்சு கொஞ்சம் அடங்கும்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். 2025 முதல் மாதாமாதம் எண் வருகிறது, நீங்களும் மாதாமாதம் தலைப்பு போடுகிறீர்கள். தலைப்புக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: ஆண்டு நிலையா வார நிலையா, எந்த வயதினர், எந்த மாதம். இடமில்லை என்றால் அந்த வட்டப் படத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் களப்பணியாளர் ஒருவர்,
சங்கரன்கோவில்