நண்பர் செய்து தந்ததற்கும் எழுத்து வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செயலியும் பாட்காஸ்ட்டும் வெளியிடுவோர் பதிப்புரிமைச் சிக்கலில் மாட்டிக்கொள்வது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். திரைப்பாடலை அனுமதியின்றிச் சேர்க்கக் கூடாது என்பதைக் கட்டுரை தெளிவாகவே சொன்னது. ஆனால் தருமபுரிப் பக்கம் நான் பார்த்தவரை, பிறருடையது என்று தெரிந்து எடுப்பவற்றைவிட, தம்முடையது என்று நம்பிக்கொண்டிருப்பவற்றில்தான் இளைஞர்கள் இடறுகிறார்கள்.

அதியமானையும் ஔவையாரையும் பற்றி இங்குள்ள மாணவர்கள் சிலர் பாட்காஸ்ட் நடத்துகிறார்கள். நெல்லிக்கனி தந்ததைப் பாடும் புறநானூற்று 91ஆம் பாடலை வாசிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அடுத்து அவர்கள் வரி விடாமல் வாசிக்கும் உரையோ அண்மைக்கால அறிஞர் ஒருவர் எழுதியது. அந்நூல் நாட்டுடைமை ஆக்கப்பட்டிருந்தாலன்றி, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் அதற்கு உரிமை உண்டு. குறிப்பில் ‘நன்றி’ என்று ஒரு வரி போட்டுவிட்டால் அது அனுமதி ஆகாது. திறனாய்வுக்காக மேற்கோள் காட்டச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது; ஆனால் முப்பது நொடி வரை எதையும் எடுக்கலாம் என்று கல்லூரிகளில் உலவும் கணக்கு அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. யார் கிளப்பிவிட்டார்களோ!

இதைவிடப் பெரிய சிக்கல் நட்பில் இருக்கிறது. முகப்பு இசையை ஒரு நண்பர் அமைத்துத் தருகிறார். செயலியின் நிரலை ஓசூரில் இருக்கும் இன்னொருவர் விடுமுறை நாட்களில் எழுதித் தருகிறார். கையில் பணம் கொடுத்திருந்தாலும், அவர் நம்மிடம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவராக இல்லாதவரை, கையொப்பமிட்ட எழுத்து இன்றி அந்த உரிமை நமக்கு மாறுவதில்லை. எழுதிக்கொண்டாலும், காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டுக்கு மட்டும் என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு பொருள் கொள்கிறது. உலகெங்கும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கும் செயலிக்கு இது எந்த மூலைக்குக் காணும்?

பெயர் விஷயமும் இப்படித்தான். கிருஷ்ணகிரி மாம்பழத்தை இணையத்தில் விற்க நினைப்பவர், புகழ்பெற்ற செயலி ஒன்றின் பெயரில் ஓரெழுத்தை மாற்றி வைத்துக்கொண்டால், ஒலிப்பு ஒத்திருப்பதே வழக்குக்கு வழிவகுத்துவிடும். ஊர்ப் பெயரையும் பழப் பெயரையும் மட்டும் சேர்த்து வைத்தாலோ, அதை வணிகச் சின்னமாகப் பதிவது கடினம். வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். சின்னப் பதிவுக்காகப் பொருள்களைப் பிரித்து வைத்திருக்கும் வகுப்புகளில், இறக்கிக்கொள்ளும் செயலிகள் 9ஆம் வகுப்பில் வருகின்றன. பலகை எழுதி, விசிட்டிங் கார்டு அச்சடித்த பிறகு தேடுவதால் பயனில்லை.

உரிமை மாற்றத்துக்கான ஒரு பக்க ஒப்பந்தப் படிவத்தை, காலம், எல்லை, தொகை ஆகிய இடங்களை நிரப்பிக்கொள்ளும்படி விட்டு, வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு எளிய தமிழில் எழுதச் செய்து தங்கள் இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தருமபுரி.