படுகளத்தில் உன்னைப் பார்த்தேன், அண்ணா

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வாட்சப்பில் இரண்டு நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. ஆனால் நான் இங்கே எழுதுவதை ஒன்றுவிடாமல் படிக்கிறாய் என்று உன் மகள் சொன்னாள். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஊர் பெயர், ஆள் பெயர் எதுவும் போடவில்லை, பயப்படாதே. வரப்பு யாருடையது என்ற பேச்சும் இதில் இல்லை. அதற்குத்தான் வாய்தா மேல் வாய்தா போட்டுக்கொண்டிருக்கிறார்களே.

இந்த வருஷம் நம் ஊர் திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் வைத்தார்கள் அல்லவா, படுகளத்தன்று, அதாவது துரியோதனன் சாகிற அன்று காலையில், நானும் வந்திருந்தேன். வேலூரிலிருந்து முதல் பஸ். நீ தேர்க் கொட்டகை ஓரம் நின்றிருந்தாய். நான் புளியமரத்தடியில். நடுவில் நாற்பதடி நீளத்துக்குத் துரியோதனன் மல்லாந்து கிடந்தான்.

ஏரி மண்ணைக் கூடையில் சுமந்து வந்து நாமும் ஒரு வருஷம் அவனைச் செய்தோம், ஞாபகம் இருக்கிறதா? பெரியவர்கள் உடம்பைப் பிடித்துவிட்டு, கால் பக்கத்தை நம்மிடம் விட்டார்கள். நான் கால் விரல்களை ஒவ்வொன்றாக உருட்டி வைக்க வைக்க, வெயிலில் வெடித்து விழுந்தன. "பத்தையும் ஒண்ணா அப்பிடுடா, யாரு எண்ணப் போறாங்க" என்றாய். அப்படியே அப்பினோம். கூத்துக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "துரியோதனனுக்கு வாத்துக் காலா?" என்று கேட்டார். இந்த வருஷம் யாரோ பொறுமையாகச் செய்திருந்தார்கள். விரல்களுக்கு நகம்கூட இருந்தது.

ராத்திரி முழுக்க ஆடிய களைப்போடு பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அந்த மண் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடின. துரியோதனன் வேஷக்காரருக்கு நம்ம பெரியப்பா வயசு இருக்கும். கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, புஜக்கட்டை பாதி அவிழ்ந்து தொங்கியது. ஆனாலும் மண் மார்பின் மேல் ஏறி நின்று அவர் சவால் விட்டபோது கூட்டம் இரண்டடி பின்னால் போனது. அப்புறம் தொடையில் அடி. உள்ளே புதைத்து வைத்திருந்த பானை உடைந்து சிவப்புத் தண்ணீர் பீறிட்டது. திரௌபதி அதைத் தொட்டுக் கூந்தலில் தடவி முடித்துக்கொண்டாள், பூ வைத்தார்கள். குலவை எழுந்தது.

கதைப்படி அதோடு முடிந்துவிட வேண்டும். பதினெட்டு நாள் பிரசங்கம் கேட்டதும், பத்து ராத்திரி கூத்துப் பார்த்ததும் இதற்காகத்தானே. ஆனால் முறமும் துடைப்பமுமாக காந்தாரி வருகிறாள். பிள்ளை தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறாள். உடனே, ஒரு நிமிஷம் முன்னால் குலவையிட்ட அதே பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்கள். நடிப்பு அழுகை இல்லை அது. பெரியம்மா அழுததைப் பார்த்தாயா? பக்கத்தில் உட்கார்ந்திருந்தது என் அம்மா. இரண்டு வருஷமாக ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதிக்காதவர்கள், ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, துரியோதனனுக்காக அழுதார்கள். நீயும் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்ததும் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டாய்.

அன்றிலிருந்து எனக்கு இதே யோசனை. சண்டையைப் பற்றி நம் ஆட்கள் எத்தனையோ கட்டியிருக்கிறார்கள். அதைக் கேட்டு எந்தச் சண்டையாவது நின்றதா? நலங்கிள்ளி உறையூரை வளைத்துக்கொண்டு நிற்கிறான், நெடுங்கிள்ளி கோட்டைக்குள் அடைபட்டிருக்கிறான். இரண்டு பேரும் சோழர், இரண்டு பேர் தலையிலும் ஆத்திப் பூதான். "ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே" என்று கோவூர்கிழார் நடுவில் போய்ச் சொல்கிறார். புறநானூற்றில் 45ஆம் பாட்டு. பள்ளிக்கூடத்தில் அதைப் படித்தபோது புல்லரித்தது, இப்போது படித்தால் பஞ்சாயத்தில் பெரியவர்கள் நமக்குச் சொன்ன புத்திமதி மாதிரி இருக்கிறது. நாம் கேட்டோமா? நெடுங்கிள்ளிக்கும் 'காரியாற்றுத் துஞ்சிய' என்று ஒரு முன்னொட்டு வந்து சேர்ந்துவிட்டது. காரியாற்றில் செத்தவன் என்று அர்த்தம்.

வில்லிபாரதத்தில் கண்ணன் தூது போகிற இடம் பெரியப்பாவுக்கு மனப்பாடம். பாதி நாடு கொடு, இல்லாவிட்டால் ஐந்து ஊர், அதுவும் முடியாதென்றால் ஐந்து வீடு என்று கேட்டுக் கேட்டு இறங்கி வருகிறான். "ஈ இருக்கும் இடம் எனினும்" கொடேன் என்கிறான் துரியோதனன். கழனியில் களை எடுக்கும்போது பெரியப்பா அந்த இடத்தைப் பாடிவிட்டுச் சிரிப்பார். சர்வேயர் வந்து சங்கிலி பிடித்த அன்று, ஒன்றரை சென்ட்டுக்காக நீயும் நானும் வரப்பில் நின்று கத்தினோமே, அப்போது எனக்கு அந்தச் சிரிப்புதான் கேட்டது. இரண்டு பேரில் யார் துரியோதனன் என்று மட்டும் பிடிபடவில்லை. (நீ என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பொய் சொல்வானேன்.)

பெரியப்பாவின் கருமாதிக்கு கர்ண மோட்சம் கூத்து வைத்தது நீதான். அட்வான்ஸ் கொடுக்க இரண்டு பேரும் ஒரே வண்டியில் போனோம். சாவு வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் விடிய விடியக் கர்ணன் சாவதைப் பார்க்க வேண்டும் என்று எவன் முதலில் யோசித்தானோ, அவன் பெரிய ஆள். அதில் எனக்கு யுத்தத்தை விடப் பெரிதாகப் படுவது பொன்னுருவி வருகிற இடம். நாளைக்குக் களத்தில் சாகப் போகிறவன் பெண்டாட்டியிடம் விடைபெற வருகிறான். அவளோ அவன் பிறப்பைச் சொல்லிக் குத்துகிறாள், கதவைத் திறக்கமாட்டேன் என்கிறாள். கூத்தில் கோமாளியாக வருகிற கட்டியக்காரன் நடுவில் புகுந்து சிரிக்க வைக்கிறான். அந்தச் சிரிப்புக்கு நடுவில், அர்ச்சுனன் அம்பெல்லாம் பிற்பாடு வருகிற சமாச்சாரம், கர்ணன் வீட்டு வாசப்படியிலேயே பாதி செத்துவிட்டான் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆர்மோனியத்தைக் கொஞ்சம் குறைத்து வாசித்திருக்கலாம். அது வேறு விஷயம்.

பழைய வட ஆற்காட்டில் செங்கம் பக்கம் கொல்லைமேடுகளில் நடுகற்கள் நிறைய. மலைபடுகடாம் பாடிய காலத்திலேயே அந்த வழியில் பெயரோடு நட்ட கற்கள் எண்ண முடியாத அளவுக்கு இருந்தன. முக்கால்வாசி மாட்டுச் சண்டையில் செத்தவர்களுக்கு வைத்தவை. கூத்தில் விராட பருவத்தன்று நாம் சீட்டியடித்துப் பார்க்கிற மாடுபிடி சண்டை ஒரு காலத்தில் அங்கே நிஜமாக நடந்திருக்கிறது. எடுத்தனூரில் கிடைத்த ஒரு கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் வைத்தது. கருந்தேவகத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் போய்ச் செத்தான் என்கிறது. பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. நாய்க்கும் பெயர் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். அது "கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு" என்று எழுதியிருக்கிறது.

அந்தக் 'காத்திருந்தவாறு' என்கிற சொல்லில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். கள்ளர்கள் யார், எந்த ஊர், எருமை திரும்பக் கிடைத்ததா, ஒன்றும் இல்லை. கல்லில் இடம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் செத்தவனுக்கும் அவன் உடம்பை விட்டுப் போகாத நாய்க்குமே கொடுத்துவிட்டார்கள். கடித்ததை எழுதியதோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் வீரக்கல்லாக இருந்திருக்கும்.

ராணிப்பேட்டை வழியாக நீ வாரத்தில் நாலு தடவை போகிறாய். அந்த ராணி தேசிங்கு ராஜனின் மனைவி. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதிச் செத்த செஞ்சி ராஜா. அவள் உடன்கட்டை ஏறிய செய்தி கேட்டு, ஜெயித்த நவாபே அவள் நினைவாக அந்தப் பேட்டையை உண்டாக்கியதாகச் சொல்வார்கள். பாட்டி டிரங்குப் பெட்டியில் பெரிய எழுத்துத் தேசிங்குராஜன் கதை இருந்தது. அதில் ராஜாவை விட எனக்குப் பிடித்தவன் அவன் சிநேகிதன், முஸ்லிம், கல்யாணக் கோலத்தில் இருந்தவன் அப்படியே எழுந்து சண்டைக்கு வந்துவிடுவான். தோற்பது உறுதி என்று தெரிந்தும்.

இதே வேலூரைப் பற்றி இங்கிலீஷில் ஒரு பாட்டு இருக்கிறது. 1806 ஜூலை 10, கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பாய்ந்து வந்த வெள்ளைக்கார அதிகாரி கில்லஸ்பியைப் பற்றி ஹென்றி நியூபோல்ட் எழுதியது. குதிரைக் குளம்பு காதில் கேட்கிற மாதிரிச் சந்தம். அதை மறுக்கவில்லை. ஆனால் அதில் நம்ம ஊருக்கு 'வஞ்சக வேலூர்' என்று பெயர். நெற்றியில் குறி இடாதே, தாடியை எடு, தோல் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்று சொல்லிச் சிப்பாய்களைக் கிளப்பியதெல்லாம் அங்கே வராது. கோட்டை திரும்பக் கைக்கு வந்ததும் நூற்றுக்கணக்கில் செத்த சிப்பாய்களுக்கு யாரும் முறத்தோடு வந்து உட்காரவில்லை. மக்கான் பக்கம் நினைவுத்தூண் இருக்கிறது, சிக்னல் விழுந்தால் அதைப் பார்க்கலாம்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். எழுத வந்தது வேறு.

படுகளம் கலைந்ததும் எல்லோரும் துரியோதனன் மேல் இருந்து ஆளுக்கொரு பிடி மண் எடுத்துப் போனார்களே, அம்மா இரண்டு பிடி எடுத்தாள். ஒன்று எங்கள் நெல் குதிருக்குப் போயிற்று. இன்னொன்றைப் பால் கவரில் கட்டி மாடத்தில் வைத்திருக்கிறாள். அது யாருக்கு என்று கேட்டேன். "உங்க பெரியம்மா அழுத அழுவுல மண்ணெடுக்கவே மறந்துட்டாங்க" என்றாள்.

மண் காய்ந்து கட்டியாகிவிட்டது. பெரியம்மாவை அவ்வளவு தூரம் நடக்க விடாதே, முட்டி வலி. உன் மகளை அனுப்பு, இல்லை நீயே வா. செவ்வாயும் புதனும் தண்ணீர் முறை உன்னுடையது. மோட்டார் கொட்டகைச் சாவியை வழக்கம்போல ஓட்டுக்கடியில் வைத்துவிட்டுத்தான் வேலூருக்கு பஸ் ஏறினேன்.

உன் தம்பி