இரண்டு புள்ளியில் தோற்றால் படுதோல்வியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் மாவட்டப் பள்ளிக் கபடி இறுதியாட்டத்தில் என் மகளின் அணி 29-31 என்று தோற்றது. கடைசி ரைடுக்கு அவள் போகும்போது 29-30. ஒரு ஆளைத் தொட்டுவிட்டு வந்திருந்தால் சமன். நடுக்கோட்டுக்கு ஒரு சாண் இருக்கையில் கணுக்காலைப் பிடித்து மடக்கிவிட்டார்கள். மறுநாள் ஒரு நாளிதழில் (உங்களுடையது அல்ல) தலைப்பு: 'அரசுப் பள்ளி மாணவிகள் படுதோல்வி'. "அப்பா, நாங்க அவ்வளவு மோசமாவா ஆடினோம்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

படுபாவி, படுகிழவன், படுமோசம் என்று, இதற்குமேல் இல்லை என்கிற இடத்தில்தான் 'படு' சேர்த்துப் பேசுகிறோம். எங்கள் ஊர் திரௌபதியம்மன் கோயில் படுகளத்துக்கு வருஷா வருஷம் துரியோதனனை மண்ணால் செய்து கிடத்துவோம். சிறுவயதிலிருந்து அந்த மண்ணை மிதித்துக் குழைத்தவன் நான். போரில் மாண்டு கிடக்கும் மகனைப் புறநானூறு 'படுமகன்' என்கிறது. இலக்கணப்படி இந்தப் 'படு'வெல்லாம் ஒன்றுதானா என்பதைப் புலவர்கள் சொல்லட்டும். என் காதில் படுதோல்வி என்றால் விழுந்து கிடப்பதுதான் கேட்கிறது.

1974இல் லார்ட்ஸில் இந்தியா 42 ரன்னுக்குச் சுருண்டு, இன்னிங்ஸ் மற்றும் 285 ரன் வித்தியாசத்தில் தோற்றதே, அது படுதோல்வி. 1999இல் சேப்பாக்கத்தில் சச்சின் 136 அடித்தும் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம். அதை அப்படிச் சொல்ல யாருக்கு மனசு வரும்? தேர்தலும் அப்படித்தான். செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குகூடக் கிடைக்காமல் டெபாசிட் போனால் தாராளமாக எழுதுங்கள். 2016இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு. அங்கே தோற்றவருக்கும் டெபாசிட் போனவருக்கும் ஒரே சொல்லா?

போராடித் தோற்றது, நூலிழையில் நழுவவிட்டது என்றெல்லாம் நம்மிடம் சொல் இருக்கிறது. தலைப்பில் இடமில்லையா, சரி, 29-31 என்று புள்ளியை மட்டுமாவது போடலாம். போட்டிருந்தால் என் மகள் அந்தச் செய்தியை வெட்டி நோட்டில் ஒட்டியிருப்பாள்.

இப்படிக்கு,
ஒரு கபடி வீராங்கனையின் தந்தை,
செஞ்சி வட்டம், விழுப்புரம் மாவட்டம்.